பொட்டக்காட்டில் வைத்த பச்சை

ஞாயித்துக்கிழமை ஆனா கடமலைக்குண்டைத் தாண்டி ஒரு பொட்டக்காட்டுக்குப் படம் வரையப் போயிருவேன். அல்லிநகரத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற ஆளுக்கு இதெல்லாம் தேவையான்னு வீட்டுல கேட்காத வாரமில்லை. கம்பம் பக்கம் போனா வயலும் வாய்க்காலுமா கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கும், வாஸ்தவம்தான். ஆனா அங்கன வரப்புக்கு ஒரு ஓவியர் உட்கார்ந்திருக்காக. பச்சை டியூபும் சட்டுனு தீர்ந்துரும். பொட்டலுக்குப் பழுப்பு ஒண்ணு போதும்.

கூடவே ஒரு நோட்டு. வரைஞ்சு முடிச்சதும் மனசுல பட்டதைக் கிறுக்கி வைப்பேன். யாருக்கும் காட்டினதில்லை. காட்டுற லட்சணத்துல அது இல்லை.

அன்னிக்கு ஒரு கண்ணை மூடி, பிரஷை நீட்டிப் பிடிச்சு மலையை அளந்துக்கிட்டிருந்தேன். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் வந்து சரியா மலையை மறைச்சுக்கிட்டு நின்னார். கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னேன். இங்கனயான்னு கேட்டார். இன்னும் தள்ளி, இன்னும் தள்ளின்னு கையைக் காட்டி, கடைசியில "ஆங், அங்கனதான்"னேன். நின்ன இடத்துல ஒரு கல்லை வச்சுட்டு, கும்பிட்டுட்டுப் போனார். படம் வரையுறவனுக்கு இம்புட்டு மரியாதையான்னு எனக்குத் தலைகால் புரியலை.

அடுத்த வாரம் போனா அந்தக் கல்லுல மஞ்சளும் குங்குமமும். அவரோட சம்சாரம் தூக்குவாளியில காபி கொண்டு வந்தாக. தண்ணிக்கு ரெண்டு போர் போட்டுப் புழுதிதான் வந்துச்சாம். இப்ப நீங்க இடம் காட்டிட்டீக, செவ்வாக்கிழமை போர் வண்டி வருது, அதுக்காக நாளைக்கு மாடு ரெண்டையும் விக்கிறோம்னாக.

காபியைக் கீழ வச்சுட்டேன். தேங்காயை உள்ளங்கையில வச்சு நீரோட்டம் பாக்குற ஆளை அவுகளுக்குத் தெரியும். பிரஷை வச்சுப் பாக்குற ஆளுன்னு என்னை நினைச்சுட்டாக. நான் சும்மா படம் வரையுறவன்னு சத்தியம் பண்ணேன். தெரிஞ்சவுக அப்படித்தான் அடக்கமாச் சொல்லுவாகன்னு காட்டுக்காரர் சிரிச்சார். சரின்னு போன வாரப் படத்தை எடுத்து விரிச்சேன். அதுதான் நான் பண்ண கூமுட்டைத்தனம். கல் இருக்கிற அதே இடத்துல, படத்துல கொழுகொழுன்னு ஒரு பச்சை. ரெண்டு பேரும் கையெடுத்துக் கும்பிட்டாக.

வேற வழியில்லை. நோட்டைப் பிரிச்சேன். என் வாழ்க்கையிலயே முதல் தடவையா இன்னொருத்தருக்கு வாசிச்சுக் காட்டினேன்.

"மலைக்குக் கீழ மொட்டையா இருந்துச்சு. சும்மா ஒரு பச்சையை அப்பி வச்சேன். அங்கன ஒரு எழவும் இல்லை. பொய்யின்னாலும் பாக்க நல்லாருக்கு. மறைச்சுக்கிட்டு நின்ன அந்தப் பனைமரத்தை நகட்டுறதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துபோச்சு."

பனைமரம் தான்தான்னு அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. கோவப்படலை. போய்க் கல்லைப் புரட்டித் தள்ளிட்டு, வண்டிக்காரனுக்குப் போன் போட்டு வர வேணாம்னுட்டார். எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு.

அந்தம்மா மட்டும் படத்தைக் கீழ வைக்கலை.

"இந்தப் பச்சையை அழிச்சிருங்க சார்"னாக. "பாக்கப் பாக்க ஆசையா இருக்கு."

பாட்டில்ல மிச்சமிருந்த தண்ணியை ஊத்தித் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தேன். முழுசாப் போகலை.