மாறிப்போன அட்டைப்பெட்டி

சபையாரே, நான் முதலில் கேட்ட ஜெபத்துக்கு ஆண்டவர் பதில் தரவில்லை. அதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு வராது. கடந்த ஜூன் மாதம் என் வீட்டுக்காரருக்கு மூளைக்காய்ச்சல். அவர் பிழைக்க வேண்டும் என்று பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் கிடந்தேன். நீங்களும் எனக்காக உபவாசம் இருந்தீர்கள். பன்னிரண்டாம் நாள் காலை, கம்பெனிக்கு ஆட்கள் போகிற நேரத்தில் அவர் போய்விட்டார்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமான கையோடு திருப்பூர் வந்து வேலம்பாளையத்தில் குடியேறினோம். பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர், நான் செக்கிங், தைத்து வரும் துணியில் குறை பார்க்கிற வேலை. ஒரே மகள் ஜெனி, ஒன்பதாவது படிக்கிறாள்.

அவர் போன பிறகு, கண்ணை மூடினால் வாயில் குழாய் செருகிய அந்த வீங்கின முகம்தான் வரும். பதினாறு வருஷம் பக்கத்தில் இருந்த மனுஷனின் சொந்த முகம் வரவே இல்லை. சுவரில் மாட்டிய படத்தில் கல்யாண மாப்பிள்ளையாக முறைத்துக்கொண்டு நிற்கிறார். அதிலும் அவர் இல்லை. ஜெனி 'அப்பா' என்ற சொல்லையே விட்டுவிட்டாள். ஒரே அறையில் இருவரும் ஊமைகளாகச் சாப்பிட்டுப் படுத்தோம். ஆண்டவர் மேல் அப்படி ஒரு கோபம். வேதாகமத்தைத் தொடவில்லை.

பக்கத்து வீட்டு சரசக்கா முருகனைக் கும்பிடுகிறவர். அவர்தான் ஒருநாள் சொன்னார்.

"கோவமா இருந்தாலும் உங்க சாமிகிட்டயே சொல்லிப்போடுங்க கண்ணு. வேற ஆருகிட்டச் சொல்லுவீங்க?"

அன்று சாயங்காலம் அடுப்படியில் நின்றபடியே சொன்னேன். அவரைத்தான் எடுத்துக்கொண்டீர், அவருடைய சொந்த முகத்தையாவது திருப்பித் தாரும் என்றேன். ஆமென் கூடச் சொல்லவில்லை.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை என் டேபிளுக்கு ரிப்பீட் ஆர்டர் வந்தது. முன்பு அனுப்பிய டிசைனையே வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி கேட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்தேன். மஞ்சள் நிறக் குழந்தைச் சட்டை. நெஞ்சில் ஒட்டகச்சிவிங்கி. என் கை அப்படியே நின்றுவிட்டது.

போன வருஷத் தீபாவளி. நமக்கு அது பண்டிகை இல்லை. ஆனால் திருப்பூரில் கம்பெனி மூடுவது அப்போதுதான், லீவு என்றால் அதுதான். கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஜெனி பிடிவாதம் பிடித்தாள். நம்மில் யார் பயணத்துக்கென்று சூட்கேஸ் வாங்குகிறோம்? கம்பெனி அட்டைப்பெட்டியில் துணியை அடுக்கி டேப் ஒட்டினால் முடிந்தது. அன்று வீட்டில் ஒரே அளவில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் எங்கள் துணி. இன்னொன்றில், பிசிர் நூல் வெட்ட நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சட்டைகள். அவர் எதைத் தூக்கினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கன்னியாகுமரியில் இறங்கினால் மழை. சொட்டச் சொட்ட நனைந்து லாட்ஜுக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்தால், இரண்டு வயதுக் குழந்தைக்கான மஞ்சள் சட்டைகள் கட்டுக்கட்டாக இருந்தன. தீபாவளி என்பதால் துணிக்கடைகள் பூட்டிக் கிடந்தன. மழையும் விடவில்லை. வாய் வலிக்கும்வரை அவரைத் திட்டினேன். அவரோ ஒரு சட்டையை எடுத்துத் தலையில் மாட்டப் பார்த்தார். அது நெற்றியோடு சிக்கிக்கொண்டது. ஜெனி கட்டிலில் உருண்டு சிரித்தாள். பெட்டிக்குள் பிசிர் வெட்டும் கத்தரிகளும் கிடந்தன. ஷிப்மென்ட் வேறு அவசரம். கடல் பார்க்கப் போன நாங்கள் இரண்டு நாளும் அறைக்குள் உட்கார்ந்து பிசிர் வெட்டினோம். சூரியன் கண்ணிலேயே படவில்லை. நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

"ஏளா, கடல் எங்க ஓடியாப் போவப்போவுது? அடுத்த வருசமும் இங்கதான கெடக்கும்" என்று சிரித்தார்.

அந்த முகம்தான் செக்கிங் டேபிளில் வந்து நின்றது. குழாய் இல்லை, வீக்கம் இல்லை. முன்பல் இடைவெளி தெரிய, தலையில் குழந்தைச் சட்டையோடு முழுசாக வந்தார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். சூப்பர்வைசர் பதறிப்போய் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். நல்லாயிருக்கேனுங்க என்றேன்.

வீட்டுக்கு வந்து ஜெனியிடம் சொன்னேன்.

"உனக்குத் தெரியாதும்மா. அன்னைக்கு நான் நாலு சட்டைதான் வெட்டினேன். மிச்சத்தையெல்லாம் அப்பாதான் வெட்டி என் பக்கம் வச்சாரு" என்றாள்.

அப்பா என்று சொல்லிவிட்டாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

வேளாங்கண்ணிக்கும் ஊட்டிக்கும்கூடப் போயிருக்கிறோம். எல்லாம் சரியாக நடந்தது. இன்று ஒன்றும் ஞாபகமில்லை. நான் பாழாய்ப்போனது என்று திட்டிய பயணத்தைத்தான் ஆண்டவர் எனக்காகப் பத்திரமாக வைத்திருந்தார். இப்போது தினமும் ஜெபிக்கிறேன். துக்கம் குறையவில்லை, ஆனால் அதற்குள் ஆண்டவர் இருக்கிறார். உங்களிலும் கோபத்தில் ஜெபத்தை விட்டவர்கள் இருக்கலாம். கோபத்தோடேயே கேளுங்கள். சின்னதாகக் கேட்டாலும் போதும்.

இந்தத் தீபாவளி லீவுக்கு ஜெனியும் நானும் கன்னியாகுமரி போனோம். சரியான பெட்டியைத்தான் எடுத்துப் போனோம். மழை இல்லை. சூரியன் நன்றாக உதித்தது. அவர் சொன்னபடியே கடல் அங்கேயேதான் கிடந்தது.