நிலைக்குக் கீழே ஓர் ஐம்பது சதம்

எங்கள் வீட்டுக்குத் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் துணியோடு சேர்த்து ஒரு கதையையும் கொண்டுவருவார்கள். அளவெடுக்கும்போது கைகள் விரிந்திருக்கும். வாய் சும்மா இருக்காது. அவர்கள் சொல்லிவிட்டுப் போவதையெல்லாம் நான் மனதில் போட்டு வைப்பேன். பழைய காசுகளையும் அப்படித்தான். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இது எல்லோருக்கும் தெரியும். அலுமாரி ஒதுக்கும்போது ஒரு காசு அகப்பட்டால், "இந்தாங்கோ, உது உங்களுக்குத்தான் உதவும்" என்று நீட்டுவார்கள்.

சிலோன் காலத்து வெள்ளி ஐம்பது சதங்களில்தான் எனக்கு ஆசை. ஒரு பக்கம் அரசரின் தலை, மறுபக்கம் ஒரு மரம். அது தாளிப்பனை என்று காசுப் புத்தகம் சொல்கிறது. இங்கே யாரிடம் காட்டினாலும், "பனையெல்லே!" என்கிறார்கள். நான் திருத்தப் போவதில்லை.

இந்த ஆசைக்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது. காசையோ பதக்கத்தையோ முதலில் வெளிநாட்டிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று புள்ளி போட்டு, திறக்க முடியாத தெளிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, ஓர் இலக்கமும் கொடுப்பார்கள். அந்த இலக்கத்தைப் பதிவேட்டில் தட்டினால், ஆண்டு வரிசையில் அந்தக் காசுக்குரிய கட்டம் நிரம்பும். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்களின் தொகுதிகளோடு நமது தொகுதியும் முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று நிரைப்படுத்தப்படும். கனடாவில் இருக்கும் என் மகள்தான் அனுப்புவதும் எடுப்பதும். இங்கிலீசை அகராதியும் கையுமாக இருந்து நானே படித்துக்கொண்டேன்.

சட்டை தைக்க வந்த ஒரு பிள்ளை அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அன்ரி, காசை மறியலிலை போட்டு வைச்சிருக்கிறியள். என்ன குற்றம் செய்தது?" என்று கேட்டது. அதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

எனது தொகுதியில் ஒரேயொரு ஆண்டுக்கான கட்டம் மட்டும் கனகாலம் வெறுமையாகக் கிடந்தது. அந்தக் காசு வந்தது தெல்லிப்பழையில் இருந்து.

அங்கே என் தம்பியின் வளவில் எங்கள் அப்பாவின் தகப்பன் கட்டிய வீடு கூரையில்லாமல் நின்றது. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். முன்வாசல் நிலையைக் கிளப்பிய மேசன், அதன் அடியில் ஒரு பித்தளைச் சிமிழைக் கண்டெடுத்தார். எங்கள் பக்கத்தில் வாசல் நிலை வைக்கும்போது அதன் கீழே காசு வைப்பது வழக்கம். சிமிழின் வாயை மெழுகால் அடைத்திருந்தபடியால் உள்ளே இருந்த ஐம்பது சதத்தில் ஒரு கீறல் இல்லை. ஆண்டைப் பார்த்தேன். எனது வெறுங்கட்டத்துக்குரிய அதே ஆண்டு.

"கொண்டுபோங்கோ அக்கா," என்றான் தம்பி. "ஆனால் புது நிலை வைக்கேக்கை திரும்பி வரவேணும். அந்தக் காசுதான் வைக்கிறது."

"ஓம், தாறன்," என்றேன். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன்.

மகள் அனுப்பி எடுத்தாள். எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் புள்ளி. இலக்கத்தைத் தட்டியதும் வெறுங்கட்டம் நிரம்பியது. எனது தொகுதி முதலாம் இடத்துக்குப் போனது. அன்றைக்குத் தையல் மெசினில் கால் வைக்கவில்லை. காசு எங்கிருந்து வந்தது என்று எழுதும் இடத்தில், "வீட்டு வாசலின் கீழிருந்து" என்று எழுதினேன். எந்த நாட்டுக்காரரோ ஒருவர், "புதையலா?" என்று கேட்டு எழுதினார். இல்லை, வீட்டுக்காக வைப்பது, வைத்த பிறகு யாரும் பார்ப்பதில்லை என்று பதில் போட்டேன். "யாரும் பார்க்காததைப் பார்க்கத் தந்ததற்கு நன்றி" என்று அவர் எழுதினார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த நன்றி எனக்குள் ஒரு முள் மாதிரி நின்றது.

நிலை வைக்க நாள் பார்த்தாகிவிட்டது. பெட்டியை உடைத்தால் இலக்கம் செல்லாது. பதிவேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். நான் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பெட்டியோடேயே கொண்டுபோய் வைத்தால் என்ன? தம்பிக்குக் கொடுத்த வாக்கும் நிலைக்கும், இலக்கமும் நிலைக்கும். இவ்வளவு கெட்டிக்காரியா நான் என்று எனக்கே ஆச்சரியம்.

அன்று காலை நிலைமரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாவிலை கட்டியிருந்தார்கள். தம்பியின் மனைவி சிமிழைப் புளி போட்டு மினுக்கித் தட்டத்தில் வைத்திருந்தா. நான் கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்தேன். சிமிழ் காசு மட்டும் கொள்ளும் அளவு. பெட்டி உள்ளங்கை அளவு.

மேசன் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். "அக்கா, இதுக்குக் கிடங்கு வெட்டிறதெண்டால் நிலையை அங்காலை தள்ளித்தான் வைக்கவேணும்."

"உதென்ன மச்சாள், காசு மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கு?" என்றா தம்பியின் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவ சிரிப்பை விட்டுவிட்டு மெல்லக் கேட்டா: "உப்பிடியே வைச்சால் காசு சிமிழுக்குள்ளை போகாதே மச்சாள். அது வீட்டைக் காக்குமோ, பெட்டியைக் காக்குமோ?"

வேண்டாம், நீங்களே வைத்திருங்கள் என்று தம்பி சொல்லிவிடுவான் என நான் உள்ளுக்குள் காத்திருந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் தட்டத்தில் இருந்த வெறுஞ்சிமிழையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நேரம் போகுது," என்றார் மேசன்.

"உங்கடை சுத்தியலை ஒருக்காத் தாங்கோ," என்றேன்.

ஓரத்தில் இரண்டு அடி. பிளாஸ்டிக் வெடித்தது. காசு என் உள்ளங்கையில் விழுந்தது. மகளிடமிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து பெட்டியோடுதான் பிடித்திருக்கிறேன். வெள்ளியின் குளிர்ச்சியை மறந்தே போயிருந்தேன். சிமிழுக்குள் போட்டேன். தம்பி மெழுகு உருக்கி ஊற்றினான். நிலை ஏறியது.

பின்னேரம் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவளுக்குத் துக்கம். "அம்மா, இலக்கத்தை எடுக்காதேங்கோ. அப்பிடியே கிடக்கட்டும். ஆர் தெல்லிப்பழைக்கு வந்து கிண்டிப் பாக்கப் போகினம்?"

"ஒருதரும் கிண்டிப் பாக்கக் கூடாதெண்டுதானே பிள்ளை அங்கை வைச்சது," என்றேன்.

பதிவேட்டைத் திறந்து அந்தக் கட்டத்தை வெறுமையாக்கினேன். தொகுதி மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. ஏன் நீக்குகிறீர்கள் என்று அது கேட்டது: விற்றதா, மாற்றியதா, தொலைந்ததா? மூன்றும் இல்லை. ஒன்றையும் தொடாமல் மூடிவிட்டேன்.

தம்பி வீட்டில் இப்போது பால் காய்ச்சிக் குடிபூரலும் முடிந்துவிட்டது. போகிற நேரமெல்லாம் வாசலில் என் கால் ஒரு கணம் தயங்கும், கீழே படுத்திருக்கிறதை எழுப்பிவிடுவேனோ என்பதுபோல. தம்பியின் மனைவி அடுப்படியில் இருந்தே கண்டுபிடித்துவிடுவா.

"காசு கடிக்காது மச்சாள். உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி ஆறுது."