புளிக்காத கூழ்

அம்மாவின் நாக்கில் தயிராடை போல வெள்ளை படிந்தது. தோட்டத்து மருந்தக டிரஸ்ஸர் ஊதா மருந்து தடவினார். போனது, திரும்பி வந்தது. எழுபதுகளின் கடைசியில் நாங்கள் சுவாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் சிரம்பானில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவேன்.

மம்பாவிலிருந்து வந்த சித்திதான் பத்தியத்தைக் கொண்டுவந்தார். உடம்புக்குள் ஈஸ்ட் வளர்கிறதாம். ரொட்டி, சீனி, கோதுமை, புளித்த பண்டம் எதுவும் ஆகாது.

அம்மாவுக்கு ஒரே கவலை, கூழ். இரவில் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு, விடியுமுன் காய்ச்சித் தூக்குவாளியில் எடுத்துப் போவார். ரப்பர் மரங்களில் பட்டையை வெட்டி முடித்து, அவற்றில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் நிறையக் காத்திருக்கும் நேரத்தில் பெண்கள் எல்லாரும் அதைத்தான் குடிப்பார்கள்.

"கோதுமதானே ஆகாதுங்கிறே? கேப்ப வேற தானியமில்ல?"

"கேப்பயால ஒண்ணுமில்லக்கா. நீ புளிக்க வைக்கிறே பாரு, அதுலதான் வளருது."

"புளிக்காத கூழு சப்புன்னுல இருக்கும்!"

"வாய்க்கு ருசி வேணுமா, வாய் நல்லாகணுமா?" என்றார் அப்பா.

அத்தோடு முடிவானது. புளிக்காத கூழ், எவ்வளவு வேண்டுமானாலும். நாக்கும் கொஞ்சம் தெளிந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அம்மா இளைத்தார். வளையல் முழங்கை வரை ஏறியது. பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிற அக்கா ஒரு ஞாயிறு வீட்டுக்கே வந்து கேலி செய்தார்: "குமரியா ஆயிட்டு வர்றியே! அண்ணனுக்கு இந்தக் கூழக் குடுத்துடாத லா, அவரும் மாப்பிள்ள ஆயிடுவாரு." அம்மா சிரித்தார். சிரிக்கும்போது உதடு வெடித்து ரத்தம் துளிர்த்தது.

தாகம் ஓயவில்லை. வெறும் தண்ணீர் வயிற்றைப் புரட்டுகிறது என்று கூழையே நீர்க்கக் கரைத்துக் குடித்தார். குடித்த சற்று நேரத்தில் கொல்லைக்குப் போனார், வந்து மறுபடி குடித்தார். "கிருமி சாகுதுக்கா, ஒடம்பு வத்தத்தான் செய்யும்" என்றார் சித்தி. அடுத்த வாரம் தூக்கு பெரிதானது.

நான் விடுப்பில் இருந்த ஒரு காலை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்தார். "ஒங்கம்மா நெரையில உக்காந்தவங்க எழும்ப மாட்டேங்கிறாங்க."

நானும் அப்பாவும் ஓடினோம். அம்மா மரத்தில் சாய்ந்திருந்தார். மங்குகள் நிரம்பிப் பால் தரையில் வழிந்துகொண்டிருந்தது. தூக்கு காலி. ஓடி வந்தவர் போல மூச்சு ஆழமாக இழுத்தது. அதில் கனிந்து அழுகிய பழத்தின் வாடை. அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் அறிந்து அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

லாரியில் போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, முற்றிவிட்டது, குடித்த கூழெல்லாம் ரத்தத்தில் சீனியாகத்தான் ஏறியது என்றார். நாக்கில் படிந்த வெள்ளையும் அதனால் வந்ததுதான்.

"இவ்வளவு தாகம், இவ்வளவு மெலிவு. யாருமே பாக்கலையா?"

"பாத்தோம் டாக்டர்" என்றார் அப்பா. "பத்தியம் புடிக்குதுன்னு சந்தோஷப்பட்டோம்."

சித்தி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். கையில் ஒரு பிளாஸ்க். புளிக்காததுதான், காலையில் காய்ச்சியது என்றார். அதை வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை. திரைக்குப் பின்னால் அம்மாவின் மூச்சு அதுவரை வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் நின்றுவிட்டது.