பழுப்புத் தாளுக்குள் இருந்த டிராகன்

போன வாரம் அக்கா மகள் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "சித்தி, இதப் பாருங்களேன், அட்டைய மாத்திப்பிட்டாக" என்றாள். ஏதோ மாயாஜால விளையாட்டின் விதிப்புத்தகம், புதுப் பதிப்பாம். படத்துக்குக் கீழே ஊர் உலகமெல்லாம் சண்டை. வாள் நீளம் என்கிறான் ஒருவன். பழைய டிராகன்தான் டிராகன் என்று அழுகிறான் இன்னொருவன். அட கூறுகெட்டவர்களா என்று சிரித்துவிட்டேன். அந்தப் பழைய டிராகனை எனக்கு நேரிலேயே தெரியும்.

கம்பம் ஊரில் அப்போது ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். சாரல் அடிக்கும் நாளில் ஜெராக்ஸ் மெஷினின் சூட்டு வாசனையோடு பக்கத்துப் பரோட்டாக் கடை வாசனையும் உள்ளே வரும். இன்றைக்கும் எங்காவது ஜெராக்ஸ் எடுக்கப் போனால் எனக்குப் பசிக்கிறது, என்ன செய்ய!

அங்கேதான் ரபீக் வருவான். காலேஜ் முடித்துவிட்டு, சிங்கப்பூர் மாமாவின் கடைக்குப் போக விசாவுக்குக் காத்திருந்தான். அந்த மாமா அனுப்பியதுதான் புத்தகம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு பகடை உருட்டி ஆட வேண்டும். நாலு பேராவது வேண்டுமாம். "விசா வர்றதுக்குள்ள ஒரு தடவையாச்சும் ஆடிப்பிடணும்க்கா" என்று அரிப்பான். பாவமாக இருந்ததால் நான் தலையாட்டினேன். வேறு ஒருவரும் சீந்தவில்லை.

சீந்தினால்தான் ஆச்சரியம். அந்தப் புண்ணியவான் புத்தகம் வந்த அன்றைக்கே பிரவுன் ஷீட்டில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பாடம் என்ற இடத்தில் 'ஆங்கிலம்' என்று வேறு எழுதிவைத்திருந்தான். டிவிக்கே உறை தைத்துப் போட்டவர்கள்தானே நாம், ஆசைப்பட்டதை மூடித்தானே வைப்போம். பார்த்தவர்களெல்லாம் "பேங்க் பரீட்சைக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். பழுப்புத் தாளுக்கு அடியில் இருந்த அசல் அட்டையை நானே பார்த்ததில்லை.

ஒரு மழையில் பையோடு நனைந்து வந்தான். பழுப்புத் தாள் ஊறிப்போயிருந்தது. நான் உரித்தேன். "அக்கா, மெதுவா!" என்று அவன் தோலையே உரித்த மாதிரி கத்தினான். உரித்து முடித்ததும் அட்டைப் படம் தெரிந்தது. குகை நிறைய ஒரு டிராகன். எதிரே வாளோடு ஒரு பெண், மேலங்கி பறக்க ஒரு கிழவன், மூலையில் லாந்தரைப் பிடித்தபடி ஒரு குள்ளன். அந்தச் சின்ன வெளிச்சம் டிராகனின் கண்ணில் ஒரு பொட்டாக விழுந்திருந்தது. வரைந்தவன் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம், அப்படி ஒரு கை! காயட்டும் என்று மானிட்டரின் சூடான தலைமேல், தெருவைப் பார்க்க நிறுத்தினேன்.

எதிர்க்கடைத் தையல்காரி ஜெயந்தி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "ஆத்தாடி, எம்புட்டுத் துணிக்கா அந்த மேலங்கிக்கு! மடிப்பு ஒண்ணொண்ணும் விழுந்திருக்கதப் பாரு. ஆமா, அந்தப் பிள்ள இரும்புச் சட்டைய எந்தப் பக்கமாப் போட்டா?" மலைமேல் மெட்டுக்கு ஜீப் ஓட்டும் பாண்டியண்ணன் ஆர்சி புக்கை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், வந்த வேலையை மறந்து நின்றார். "ஏலே ரபீக்கு, வாள் வச்சிருக்கவ சண்ட போட்டுருவா. இம்புட்டுப் பெரிய மிருகத்துக்கு முன்னால வெறும் விளக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான் பாரு, அவன்தாம்ல ஆம்பள! என்னைய அவனாச் சேத்துக்க."

ரபீக் அழுதேவிட்டான். மேலங்கிக் கிழவன் எனக்கு என்றாள் ஜெயந்தி. நாலு பேர் சேர்ந்தாயிற்று.

விசா வரும்வரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானமெல்லாம் ஆடினோம். ரபீக் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் கதை சொல்வான். வாள்காரி நான்தான், வேறு யார்! பாண்டியண்ணன் கடைசிவரை யாரையும் வெட்டவில்லை. "நான் வெளிச்சம் காட்டுறேன், நீங்க போங்க" என்பார். ஆட்டம் எப்போது தொடங்கினாலும் முதலில் அட்டையை ஒரு பாட்டம் பார்த்தாக வேண்டும், அது ஜெயந்தியின் சட்டம்.

ரபீக் புத்தகத்தோடு போனான். சென்டர் மூடி, அங்கே இப்போது செருப்புக் கடை. ஜெயந்தி கல்யாணம் கட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டாள். பாண்டியண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதைச் சொல்லத்தான் ஒருமுறை ரபீக்குக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டுச் சொன்னான்: "இங்கன வாராவாரம் ஆடுறாகக்கா, மேசை மேசையா. நானும் நம்ம புத்தகத்தக் கொண்டுபோயி நடுவுல வச்சேன். ஒருத்தரும் நிமிந்து பாக்கலக்கா. எல்லாரும் சின்னப் பிள்ளையிலயே அந்த அட்டையப் பாத்து முடிச்சவுக."