முழுங்கிய மருந்தும் டயர் செருப்பும்

எனக்குச் சரியாக எழுத வராது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன், பிறகு கூடை தூக்கப் போய்விட்டேன். எழுத்து கோணலாக இருக்கும். எது முன்னே நடந்தது, எது பின்னே என்பதும் சில இடத்தில் மறந்துவிட்டது. வேலைக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கு உடம்பைப் பார்த்துக்கொள்வது பற்றி ஒரு புத்தகத்துக்கு எழுதுங்கள் என்று கேட்டார்கள். நாலு பேர் முன்னால் பேசு என்றால் எனக்கு நாக்கு எழும்பாது. அதனால் எழுதுகிறேன்.

1. மருந்து நாள்

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டம். லயம் என்ற வரிசை வீட்டில் எங்களுக்கு ஒரே காம்பரா, ஒரே அறை. நடுவில் சாக்கைத் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் மாமியாரும், அந்தப் பக்கம் அவருடைய அண்ணன், அண்ணன் பெண்சாதி செல்லம்மா அக்கா, அவர்களுடைய மூன்று பிள்ளைகள்.

சில மாதத்துக்கு ஒருமுறை காலையில் வேலைக்கு ஆட்கள் கூடுகிற பெரட்டுக்களத்துக்கு, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா போத்தலோடு வருவார். அது வயிற்றுப் பூச்சி மருந்து. வெறும் வயிற்றில் ஒவ்வொருத்தி வாயிலும் ஊற்றுவார். முழுங்கினால் தலை சுற்றும். பிறகு பேதி உப்பும் குடித்து வீட்டில் கிடக்க வேண்டும். அன்றைக்குப் பேர் விழாது. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அதனால் பெண்கள் முழுங்குவதில்லை. நான் கலியாணமாகி வந்த புதிதில் செல்லம்மா அக்காதான் சொல்லிக் கொடுத்தாள்.

"முழுங்கிறாத புள்ள. கன்னத்துல ஒதுக்கிக்க. தலைய மட்டும் ஆட்டு. ரோட்டு வளைவு திரும்புனதும் துப்பிரு."

அப்படித்தான் எல்லோரும் செய்தோம். வளைவுக்கு அந்தப் பக்கம் தேயிலைச் செடிகள் மேலெல்லாம் அந்த நாற்றம் அடிக்கும்.

செல்லம்மா அக்கா வர வர வெளுத்துக்கொண்டே போனாள். கால் வீங்கியது. பச்சை அரிசியை மடியில் முடிந்து வைத்துத் தின்பாள், அடுப்பு மண்ணைக்கூடச் சுரண்டித் தின்பாள். கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரைக்காரிகள் சீண்டுவார்கள்.

"என்னாடி செல்லம்மா, தொரைசாணி நெறம் வந்துருச்சு. பங்களாவுக்குக் குடி போகப் போறியா?"

"போகலாம்தான். அந்தப் படிக்கட்டு ஏறத்தான் மூச்சு பத்தல."

சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

ஒரு மழைக்காலம். கொழுந்து நிறைய இருந்தது. பகல் நிறுவைக்காக மடுவத்துக்கு, கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு, ஏறிக்கொண்டிருந்தோம். அக்கா பாதி மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். கூடைக் கயிறு தலையில் அப்படியே இருந்தது.

"அக்கா, எந்திரிங்க. கங்காணி பாக்குறாரு."

"செத்த இருடி," என்றாள்.

அவ்வளவுதான். நான் கூடையை இறக்கிவிடக் கயிற்றைத் தூக்கினேன். தலையும் கூடவே சாய்ந்தது.

கூடையில் இருந்த கொழுந்து வீணாகக் கூடாது என்று அதை என் கொழுந்தோடு சேர்த்து நிறுத்தார்கள். அன்றைக்கு என் கொழுந்துதான் அதிகம் என்று கணக்கப்பிள்ளை சத்தமாக வாசித்தார். அவருக்கு விஷயம் தெரியாது.

2. டிஸ்பென்சரி

கருமாதி முடிந்து இரண்டு வாரம் போயிருக்கும். கிணற்றடியில் முகம் கழுவும்போது என் நகங்களைப் பார்த்தேன். காகிதம் மாதிரி வெளுத்து இருந்தன. அதற்கு முன் எனக்கு இரண்டு குறைப்பிரசவம். மேடு ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடுத்தது நான்தான் என்று தெரிந்துவிட்டது.

அதுவரை உத்தியோகத்தர் யாரிடமும் நானாகப் போய்ப் பேசியது கிடையாது. டிஸ்பென்சரி வாசலில் எல்லோரும் போகும்வரை சுவரோரமாக நின்றேன். டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்து ஆள், கடுகடு என்று இருப்பார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"நீயும் துப்பினனிதானே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தேயிலைக்கு வயித்துப் பூச்சி இல்லையடி பிள்ளை, அதுக்கு ஏன் குடுக்கிறியள்? இந்தா. இதிலயே நிண்டு, எனக்கு முன்னால விழுங்கு."

முழுங்கினேன். அவர் இன்னும் மூன்று விஷயம் சொன்னார். காலையில் வெறும் தேத்தண்ணியோடு கொழுந்தெடுக்க மலைக்குப் போகக் கூடாது. கீரையும் கருவாடும் சாப்பிட வேண்டும். காலுக்கு ஏதாவது போட வேண்டும். பூச்சி மண்ணிலிருந்து பாதத்தின் வழியாக ஏறுகிறதாம். நாங்கள் எல்லோரும் தேயிலைக்குள்தான் ஒதுங்குவோம், அதே மண்ணில்தான் வெறுங்காலோடு நடப்போம். வாயில் போகாமல் காலில் எப்படி ஏறும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அடுத்த நாள் எழும்ப முடியவில்லை. மாமியார் வாசலில் நின்று பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கச் சொன்னார்.

"புள்ள பெத்தவளே மூணாம் வாரம் மலைக்குப் போறா. இவ என்னாத்தப் பெத்தான்னு படுத்துக் கெடக்குறா?"

மருந்து வேலையைவிடச் சாப்பாட்டு வேலைதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டில் ஆண்கள், பிள்ளைகள், மாமியார் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் மருமகள் சட்டியைப் பார்ப்பாள். காலையில் பெரட்டுக் கொம்பு ஊதிவிட்டால் அதுவும் இல்லை. நான் கல்லில் போட்ட முதல் ரொட்டியைப் பிய்த்து, முருங்கைக்கீரையோடு அடுப்புப் பக்கம் நின்றே சாப்பிட ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் மாமியார் பார்த்துவிட்டார்.

"புருசன் தட்டுல கை வைக்கிறதுக்கு முன்ன வாயில போடுறியே, ஒங்காத்தா வீட்டுல இதான் பழக்கமா?"

"பசிக்குது அத்த," என்றேன். கலியாணமாகி வந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னேன். அடுத்த ரொட்டியை என் வீட்டுக்காரரே எடுத்துக்கொண்டார்.

3. செருப்பு

என் வீட்டுக்காரர் அடுத்த தரம் டவுனுக்குப் போனபோது ஒரு ஜோடி டயர் செருப்பு வாங்கி வந்தார். பெரட்டுக்குச் செருப்போடு போவது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். தோட்டத்துத் துரை நிற்கும் இடத்தில் கங்காணியே தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். அதனால் நான் அதைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு போனேன். மலைக்குப் போனதும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு.

அதுதான் பெரிய தப்பு. கொழுந்துக் கூடைக்குள் கொழுந்தைத் தவிர ஒரு குச்சிகூட இருக்கக் கூடாது. கங்காணி கூடைகளைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டு வந்தார். என் கூடையிலிருந்து செருப்பு விழுந்தது.

"என்னா புள்ள இது? ஒலகமே குடிக்கிற சாமான்ல செருப்பப் போட்டுக் கொண்டாந்திருக்க. அதும் பொம்பளச் செருப்பு."

பெண்கள் சிரித்தார்கள். "சீமைக்குப் போற தேயிலையில கொஞ்சம் டயரு வாசம் வரட்டும் கங்காணி, விடுங்க," என்று ஒருத்தி சொன்னாள். அவர் விடவில்லை. வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அத்தனை பேர் முன்னால் குனிந்து செருப்பைப் பொறுக்கினேன். அழுகை வந்தது. ஆனால் அதைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. மேட்டில் உட்கார்ந்த அக்காவின் முகம்தான் கண்ணுக்குள் இருந்தது.

மறுநாள் செருப்பை இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்குக்கு உள்ளே கட்டிக்கொண்டு போனேன். தேயிலைக்குள் இறங்கியதும் போட்டேன். ஈர மண்ணில் வழுக்கியது, இரண்டு தடவை விழுந்தேன், கணுக்காலில் அட்டை ஏறாத நாள் இல்லை. பழக ஒரு மாதம் ஆயிற்று.

அந்த வருஷம் முடிவதற்குள் மடுவத்து மேட்டை நிற்காமல் ஏறினேன். அதற்கடுத்த வருஷம் பிள்ளை பிறந்தது. உயிரோடு நின்றது.

என்னைப் பார்த்து வேறு யாராவது மாறினார்களா என்று கேட்பார்கள். இரண்டு பேர் மருந்தை முழுங்கினார்கள். செருப்பு யாரும் போடவில்லை. மாமியாரை டிஸ்பென்சரிக்கு வாங்க என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். வரவில்லை. அவர் கடைசிவரை ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பிறகுதான் சாப்பிட்டார், வீங்கிய காலோடுதான் செத்தார்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உடம்பைக் கவனிப்பது சொகுசு என்று சொல்லுவார்கள். வாசலில் நின்று சொல்லுவார்கள், சிரிக்கவும் செய்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். தெரியாத காரியத்தை முதலில் செய்யும்போது வெட்கமாகத்தான் இருக்கும். எனக்கு அந்த வெட்கம் இன்னும்கூடப் போகவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டே செய்யலாம்.

நான் எழுதியதில் பிழை இருக்கும். அந்த மருந்தின் பெயர் எனக்குத் தெரியாது. மருந்து, ரொட்டி, செருப்பு, இந்த மூன்றில் எது என்னைக் காப்பாற்றியது என்றும் தெரியாது. வைத்தியம் படித்த யாராவது பார்த்துத் திருத்திப் போடுங்கள். அக்கா மருந்தை முழுங்கியிருந்தால் பிழைத்திருப்பாளா என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம்.