பன்னிரண்டு, இடமிருந்து வலம்

1. அரைப்பக்கம்

"தங்கச்சி, வாற மாசம் இருபது விடையெண்டாலும் வரேல்லையெண்டால் உங்கட அரைப்பக்கத்தை ராசிபலன் எழுதுற சாத்திரியாருக்குக் குடுக்கப் போறன். கோவிக்கக் கூடாது."

தவம் அண்ணை இப்படிச் சொன்னது எனக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. நாங்கள் குடியேறிய கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்தும் மாதப் பத்திரிகைக்கு அவர்தான் ஆசிரியர். நான் அதற்குப் பதினெட்டு வருசம் குறுக்கெழுத்துக் கட்டிக் கொடுத்தவள். பாண் சுடும் தொழிற்சாலையில் பெல்ட்டில் ஓடும் பாணை எண்ணிக்கொண்டே மனதுக்குள் சொற்களைக் குறுக்கும் நெடுக்குமாய் அடுக்குவேன். அந்த அரைப்பக்கம் போனால் எனக்கு மிஞ்சுவது பாண் மட்டும்தான்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். குறுக்கெழுத்துக் கட்டப் பழகவேண்டும் என்று இரண்டு மூன்று பிள்ளைகள் கேட்டார்கள். நன்றாக வந்த புதிர்களைப் பற்றி எழுதினால் நீங்கள் ஒன்றும் கற்கமாட்டீர்கள். அதனால் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

2. குசினிச் சிறப்பிதழ்

சனத்தை இழுக்கவேண்டுமென்றால் எல்லோருக்கும் தெரிந்த கருப்பொருள் வேண்டும். எல்லோரும் சமைக்கும் குசினி என்று முடிவெடுத்தேன். பரிசாக ஒரு ரைஸ் குக்கர் தர எங்கள் தமிழ்க் கடைக்காரர் சம்மதித்தார்.

கருப்பொருள் வைத்துக் கட்டும்போது நீளமான சொல்லை முதலில் நடுவில் போடவேண்டும். சின்னச் சொற்களை எங்கேயும் செருகலாம். எனக்கு அகப்பட்டது 'இடியப்ப உரல்'. எட்டுக் கட்டம், பன்னிரண்டாம் எண், இடமிருந்து வலம். அதன் இரண்டாம் எழுத்து 'டி'யில் மேலிருந்து வந்த, புட்டு அவிக்கும் 'நீத்துப்பெட்டி' முடிந்தது. நாலாம் எழுத்து 'ப்' தமிழில் கட்டுகிறவர்களுக்குத் தலையிடி. புள்ளி வைத்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. அதற்கு மேலேயிருந்து தோசை திருப்பும் 'தட்டகப்பை'யை இறக்கினேன். 'உ'வில் 'உலை' தொடங்கியது. கடைசி 'ல்'லுக்கு 'அம்மிக்கல்' வந்து சேர்ந்தது. இரண்டு கிழமையாய் அழித்து அழித்து எழுதி, கடதாசி ஓட்டை விழுந்த பிறகு கிடைத்த பொருத்தம் இது. பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று தனியே சிரித்தேன். பக்கத்தில் நின்ற போலந்துக்காரி எனக்குச் சுகமில்லையோ என்று கேட்டாள்.

கட்டம் முடிந்தால் அடுத்தது குறிப்பு. பன்னிரண்டுக்கு நான் எழுதிய குறிப்பு: 'இரவல் போனால் வீடு திரும்பாதது.'

அச்சுக்குப் போகமுன் ஒவ்வொரு புதிரையும் என் கணவரிடம் கொடுத்துச் சோதிப்பேன். அவர் பஸ் ஓட்டுகிறவர். எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறார் என்று பார்த்தே குறிப்பைத் திருத்துவேன். இந்த முறை பன்னிரண்டில் பிடித்தார்.

"இது றஞ்சியைப் பற்றித்தானே?"

றஞ்சி எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவள், என்னுடைய நெருங்கிய சிநேகிதி. போன வருசம் என் இடியப்ப உரலை இரவல் வாங்கியவள் அதற்குப் பிறகு அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"இது உரலைப் பற்றி" என்றேன்.

"சும்மா விடும். இதை எடுத்துப்போடும்."

"ஏலாது. நாலு சொல் இதில தொங்குது."

"சொல்லை ஆர் எடுக்கச் சொன்னது? குறிப்பை மாத்தும். 'இடியப்பம் பிழிய உதவும்' எண்டு போட்டால் போதுமே?"

அவர் சொன்னது முழுச் சரி. ஆனால் அந்தக் குறிப்பு எனக்கு நன்றாகப் பிடித்துப்போயிருந்தது. மாற்றவில்லை.

3. ஆட்சேபங்கள்

பத்திரிகை கடைகளுக்குப் போன அடுத்த நாள் காலை முதல் தொலைபேசி வந்தது. எங்கள் சங்கத்துச் சாந்தி.

"அக்கா, நான் உங்களிட்ட வாங்கினது சட்டி. உரல் இல்லை. பேப்பரில போட முன்னம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

சாந்தியிடம் என் சட்டி இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு மூன்று பேர் எடுத்தார்கள். மூன்று பேரும் அது தாங்கள் இல்லை என்று சத்தியம் பண்ணினார்கள். ஒருவர் பதிவுத் தபாலில் கடிதமே அனுப்பிவிட்டார். இந்த நாட்டில் முப்பது வருசம் அலுவலகங்களோடு மல்லுக்கட்டினால் எதற்கும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கக் கை பழகிவிடும். 'பன்னிரண்டாம் குறிப்பில் சுட்டப்படும் நபர் என் மனைவி அல்லர். பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும்.' கீழே கையொப்பம், திகதி எல்லாம் ஒழுங்காக இருந்தன.

விடைகளும் வந்தன. முப்பத்தொரு விடை! நான் துள்ளிக் குதித்தேன். பிறகு ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். முப்பது விடைகளில் பன்னிரண்டாம் எண் மட்டும் வெறுமை. குறுக்கே வந்த எழுத்துகளைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு அக்கா மிச்சக் கட்டங்களைக் கறுப்பு மையால் அழகாய் நிரப்பி, என் கட்டத்தையே திருத்தி அனுப்பியிருந்தா. அவவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"விடை தெரியேல்லையோ அக்கா?"

"தெரியாமல் என்ன? என்ர கையால அதை எழுதினால் நான்தான் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி எல்லோ போய்முடியும்!"

ஒரேயொரு விடைதான் முழுக்கச் சரி. அது றஞ்சியுடையது. 'இடியப்ப உரல்' என்று முத்து முத்தாய் எழுதி, பக்கத்தில் ஒரு சிரித்த முகமும் போட்டிருந்தாள். என்ன நெஞ்சழுத்தம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தவம் அண்ணை எடுத்தார். "முப்பத்தொண்டு வந்திட்டுது தங்கச்சி, சந்தோசம். சாத்திரியாருக்கு இவ்வளவு காலத்தில ஒரு ஏச்சுக்கூட விழேல்ல. ஆனால் சனம் என்னைப் பிச்சுத் தின்னுது. வாற இதழில அது ஆரெண்டு போட்டுத்தான் ஆகோணும். போடேல்லையெண்டால் பக்கம் அவருக்குத்தான்."

"கற்பனை எண்டு போடட்டோ அண்ணை?"

"ஆர் நம்புவினம்?"

றஞ்சியின் பெயரைப் போட்டால் சிநேகிதி போவாள். போடாவிட்டால் அரைப்பக்கம் போகும். இரண்டு நாள் பாண் எண்ணிக்கை பிழையாய்ப் போனது.

4. ரைஸ் குக்கர்

வென்றவருக்குப் பரிசை நானே கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். ஞாயிறு காலை ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு றஞ்சி வீட்டுப் படி ஏறினேன். அவள் குசினிக்குள் நின்று இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். என் உரலில்! ஒளிக்கவும் இல்லை, ஒரு சங்கடமும் இல்லை.

"வாங்கோ அக்கா, இருங்கோ. சொதியும் கிடக்கு. பன்னிரண்டாவது குறிப்பைப் பார்த்திட்டு நான் அழுதிட்டன், தெரியுமோ?"

நான் ரைஸ் குக்கரை மேசையில் வைத்தேன். "றஞ்சி, நான் அதை..."

"ஒண்டும் சொல்லாதேங்கோ. ஆரைப் பற்றி எண்டு எனக்கு உடன விளங்கிட்டுது. பேப்பரில போட்டு ஒத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேணும்!"

"ஆர் ஒத்துக்கொண்டது?"

"நீங்கள்தான். உங்கட மகள் பெரியபிள்ளையாகினதுக்குச் செய்த சாமத்திய வீட்டுக்கு இந்த உரலை என்னட்ட வாங்கிக்கொண்டு போனனீங்கள். அம்மா ஊரிலயிருந்து கொண்டுவந்து தந்தது. திருப்பிக் கேக்க எனக்கு வெக்கம். கடைசியில போன வருசம் இரவல் கேக்கிற மாதிரிக் கேட்டுத்தான் வாங்கினனான்."

உரலைத் திருப்பி அடியைக் காட்டினாள். ஆணியால் கீறிய இரண்டு எழுத்து, அவளுடைய தாயின் பெயரின் தலைப்பெழுத்துகள். என் மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இவ்வளவு வருசமும் அந்த உரலைக் கழுவிக் கழுவி வைத்தவள் நான். ஒருநாளும் அடியைப் பார்த்ததில்லை. வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைப் பெரிய மனசு என்றே எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள். சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது?

அடுத்த இதழில் விடைகளுக்குக் கீழே இப்படிப் போட்டேன்: '12. இடியப்ப உரல். குறிப்பில் சொல்லப்பட்டவர் புதிரைக் கட்டியவரே. உரல் வீடு திரும்பிவிட்டது.' ஆட்சேபங்கள் நின்றன. பதிவுத் தபாலில் ஆட்சேபித்தவர் தன் கடிதத்தை எழுத்து மூலம் மீளப் பெற்றுக்கொண்டார். அரைப்பக்கம் என்னிடமே இருந்தது. சாத்திரியார் கடைசிவரை காத்திருந்தார்.

பிள்ளைகளே, சொற்பொருத்தம், கட்டம், கறுப்புப் பெட்டி எல்லாம் பழகப் பழக வரும். குறிப்புத்தான் ஆபத்து. ஒரு ஆளை மனதில் வைத்துக் குறிப்பு எழுதி, அது உங்களுக்கு மிகவும் பிடித்தும் போய்விட்டால், அச்சுக்குக் கொடுக்கமுன் உங்கள் வீட்டுக் குசினி அலுமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள்.

நான் அன்று பின்னேரமே திறந்தேன். எங்களுடையதல்லாத சாமான் இன்னும் மூன்று இருந்தது.