இந்த வாரத்துக்காக ஸ்தோத்திரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவின் கிள்ளானில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது இது. நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. ஸ்தோத்திரக் காணிக்கையோடு சபையார் எழுதித் தரும் நன்றிச் சீட்டுகளை ஆராதனையில் வாசிப்பது என் வேலை. பிறந்த நாளுக்காக, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக, புது வீட்டுக்காக என்று வரும். குரலை ஏற்றி இறக்கி வாசிப்பேன். சபையே ஆமென் சொல்லும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்யும் ஓர் அம்மா மட்டும் வாராவாரம் ஒரே வரியைத்தான் எழுதிப் போடுவார்: 'இந்த வாரத்துக்காக ஸ்தோத்திரம்.' என்ன நடந்தது, யாருக்கு நடந்தது, ஒன்றும் இருக்காது. முப்பது வருடம் கட்டுரை திருத்திய கை அல்லவா, மனதுக்குள் பத்துக்கு மூன்று மார்க் போட்டுவிட்டுத்தான் வாசிப்பேன்.

அது எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வந்திருந்த வாரம். சீட்டுகள் குவிந்துவிட்டன. எங்களுக்கு அடுத்து அதே கட்டடத்தில் சீனச் சபையாரின் ஆராதனை. அவர்கள் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியாக என் கையில் இருந்தது அந்த அம்மாவின் சீட்டு. இதையே எத்தனை தடவைதான் வாசிப்பது என்று மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். நேரத்துக்கு முடித்ததற்காகப் போதகரிடம் பாராட்டும் வாங்கிக்கொண்டேன்.

கீழ்த்தளத்தில் சபையார் மீகூன் சேமியாவும் தேநீருமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காரை எடுக்கப் போனபோது, மோட்டார் சைக்கிள் கொட்டகையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். நாற்பதை நெருங்கும் வயது. அந்தக் கேண்டீன் அம்மாவின் மகன், துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். அம்மாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வராமல் அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஒலிபெருக்கிச் சத்தம் அந்தக் கொட்டகை வரை கேட்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"ஆன்டி, இன்னைக்கு எங்கம்மா சீட்டு எழுதலையா?" என்று கேட்டார்.

ஏன் கேட்கிறீர்கள் என்றேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். குடியை விட்டு நான்கு மாதம் ஆகிறதாம். அதற்கு முன் பல தடவை விட்டு, பல தடவை மறுபடி தொடங்கியவர். வீட்டில் அம்மா அதைப் பற்றி வாயே திறப்பதில்லையாம். நான் வாசிக்கும் அந்த ஒரு வரியைக் கேட்டால்தான், அம்மா தன்மேல் இன்னும் நம்பிக்கை வைத்திருக்கிறார் என்று தெரியுமாம்.

"வெள்ளிக்கிழமை கூட்டாளி கல்யாண டின்னர்ல கிளாஸ கையில எடுத்துட்டேன் ஆன்டி. குடிக்கல. கீழ வச்சிட்டு வந்துட்டேன். அம்மாகிட்ட யாரோ மாத்திச் சொல்லிட்டாங்க போல. அதான் எழுதல."

சீட்டு எங்கோ தவறிவிட்டது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தபின் சொல்ல முடியவில்லை. இந்த நினைப்போடு இவர் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். பையைக் கிளறி, டிஷ்யூவுக்கு நடுவே கசங்கிக் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

"எழுதியிருக்காங்க தம்பி. நான்தான் வாசிக்கல. என் தப்பு."

மோட்டார் சைக்கிள் இருக்கையில் வைத்து அதை விரலால் நீவினார். ஒரே வரிதான். அதை வெகுநேரம் படித்தார். தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குள் அந்த அம்மா மகனுக்கு ஒரு தட்டில் மீகூன் எடுத்துக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மகன் காதில் விழாத தூரத்துக்கு என்னை அழைத்துப் போய் மெதுவாகச் சொன்னார்.

"ஆண்டவருக்கு மைக் வேணாம் டீச்சர். தெனமும் விடியக்காலையில நான் சொல்றது அவருக்குக் கேக்கும். மைக் இவனுக்குத்தான்."

அடுத்த ஞாயிறு முதல் அந்தச் சீட்டைத்தான் முதலில் வாசிக்கிறேன், நிறுத்தி நிதானமாக. நடுவில் ஒரு தடவை இரண்டு வாரம் அது வரவில்லை. அந்த இரண்டு வாரமும் என் ஜெபத்தில் வேறு எதுவும் இல்லை. பிறகு மறுபடி வந்தது. இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது.

எழுந்ததும் ஒரு ஸ்தோத்திரம், சாப்பாட்டுக்கு முன் ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று வளர்ந்தவள் நான். ஆனால் வாய் பழகிய அளவுக்கு மனம் பழகியிருக்கவில்லை. இப்போது மாலை ஜெபத்தில், பெரிதாக ஒன்றுமே நடக்காத அந்த நாளுக்குத்தான் முதலில் நன்றி சொல்கிறேன். எனக்கு ஒன்றும் நடக்காத அதே நாளில், யாரோ ஒருவர் கையில் எடுத்ததைக் கீழே வைத்துவிட்டு வீடு திரும்பியிருப்பார்.